இரண்டு மானிட்டர் கேட்டால் கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"ரெண்டு மானிட்டர் போடணும், பட்ஜெட் கம்மி" என்று கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் கொட்டேஷன் சீட்டில் பெரும்பாலும் நான்கு வரிதான் இருக்கிறது. ஐ5, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டு, 2 மானிட்டர். அடியில் மொத்தத் தொகை. இதை வைத்து அந்த மெஷின் எப்படிப்பட்டது என்று அசெம்பிள் செய்யும் எங்களாலேயே சொல்ல முடியாது. முதல்முறை வாங்க வந்தவர் எப்படிச் சொல்வார்? சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரட்டை மானிட்டர் கேட்டு வருபவர்களில் ஒரு பகுதியினர் இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களாக இருந்தார்கள். ஒரே நேரத்தில் நான்கு, ஆறு மேசைகளைத் திறந்துவைத்து ஆடுவதற்கு ஒரு திரை போதாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பேதமில்லாமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. அதனால் பணம் வைத்து ஆடுவதற்காக மெஷின் தேடுபவர்களுக்கு எங்கள் முதல் யோசனை, வேண்டாம் என்பதுதான். ஆனால் பங்குச் சந்தை பார்ப்பவர், ஒரு பக்கம் டேலியும் மறுபக்கம் ஜிஎஸ்டி தளமுமாக வேலை செய்யும் கணக்காளர், மொழிபெயர்ப்பாளர், பணமில்லாமல் பொழுதுபோக்காகச் சீட்டோ சதுரங்கமோ ஆடுபவர் எல்லோருக்கும் தேவைப்படுவது ஏறக்குறைய அதே மெஷின்தான். ஜன்னல்கள் நிறையத் திறந்திருக்க வேண்டும், எழுத்தும் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும், நடுவில் எதுவும் நின்றுவிடக் கூடாது. 1920-க்கு 1080 திரையை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் 960-க்கு 540 புள்ளிகள் கிடைக்கும். இரண்டு திரை என்றால் எட்டு ஜன்னல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கும். இதில் எந்த ஜன்னலும், படம் வரைவதற்கென்று தனியாகச் செருகும் கிராபிக்ஸ் கார்டைக் கேட்கும் வேலையைச் செய்வதில்லை. விலை வரைபடமும் சீட்டுக்கட்டும் டேலி வவுச்சரும் கம்ப்யூட்டருக்கு லேசான சுமை.

பிறகு ஏன் கிராபிக்ஸ் கார்டு சீட்டில் ஏறுகிறது? பிராசசர் பெயரின் கடைசி எழுத்தில் இருக்கிறது விஷயம். இன்டெல் ஐ3-12100 என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. அதே 12100-க்குப் பின்னால் 'எஃப்' சேர்ந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 12400-க்கும் 12400எஃப்-க்கும் இதே வித்தியாசம்தான். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 வரிசைப் பிராசசர்களில் கணக்கு தலைகீழ். அங்கே 'ஜி' இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி தனியாகத் திரையை ஓட்டும். 5600-ம் 5500-ம் ஓட்டாது. 'எஃப்' ரகம் சற்று மலிவு. அதைப் போட்டுச் சீட்டில் வெறும் 'ஐ3' அல்லது 'ஐ5' என்று எழுதிவிட்டால், திரையில் படம் வருவதற்கே ஒரு கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். பிராசசரில் மிச்சமான காசைப் போலப் பல மடங்கு கார்டில் போய்விடும்.

அந்தக் கார்டும் பெரும்பாலும் என்விடியா நிறுவனத்தின் ஜிடி 710 அல்லது ஜிடி 730. ஜிடி 730 சந்தைக்கு வந்தது 2014-ல். இந்த இரண்டிலும் பரவலாக இருக்கும் கெப்ளர் வகைச் சிப்புகளுக்குப் புதிய டிரைவர் தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ஓடு முடிந்தன. இப்போது கடையில் "புதுசு" என்று டப்பா பிரித்துத் தருவது இதைத்தான். லேசான வேலைக்கு 12100-இன் உள்கிராபிக்ஸே தாராளம். அந்தப் பிராசசர் நான்கு திரை வரை தாங்கும். மலிவான எச்610 மதர்போர்டு மூன்றோடு நிறுத்திவிடும். நமக்கு வேண்டியது இரண்டுதான்.

அடுத்தது மதர்போர்டின் பின்பக்கம். சீட்டில் 'எச்610 போர்டு' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தெந்தத் துளை இருக்கிறது என்றும் எழுத வேண்டும். ஒரே சிப்செட்டில் ஒரு போர்டுக்கு எச்டிஎம்ஐ-யும் விஜிஏ-வும் இருக்கும், இன்னொன்றுக்கு எச்டிஎம்ஐ-யும் டிஸ்ப்ளே போர்ட்டும் இருக்கும். விலை வித்தியாசம் பெரிதல்ல, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிது. விஜிஏ பழைய அனலாக் இணைப்பு. டிஜிட்டல் படம் அனலாக்காக மாறி, கேபிள் வழியே வந்து, மானிட்டருக்குள் மறுபடி டிஜிட்டலாக மாறுகிறது. வீடியோ பார்த்தால் குறை தெரியாது. தமிழ் எழுத்தில் உடனே தெரியும். சாதாரண அளவு எழுத்தில் 'த்' மேலுள்ள புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். விஜிஏ-வில் அது பக்கத்துக் கோட்டோடு கரைந்து 'பத்து' என்பது 'பதது' போலத் தெரியும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டேலியில் 6-ம் 8-ம் ஒரே முகம் காட்டும். இரண்டு திரையில் ஒன்று மட்டும் இப்படி மங்கினால் கண் இரண்டுக்கும் மாறி மாறிச் சரிசெய்து மாலைக்குள் களைத்துவிடும். மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால் ஓரளவு சரியாகுமே தவிர முழுதாகத் தீராது. இரண்டு திரைக்கும் டிஜிட்டல் இணைப்பு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போர்டில் டிஸ்ப்ளே போர்ட்டும் மானிட்டரில் எச்டிஎம்ஐ-யும் இருந்தால் கவலையில்லை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் கேபிள் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. அதைத் திருப்பிப் போட்டு, கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐ-யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட்டுக்குக் கொடுத்தால் படம் வராது. கேபிள் பழுது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். இன்னொன்று, எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர். ஒரு துளையை இரண்டாக்கும் அந்தச் சின்னப் பெட்டி ஒரே படத்தைத்தான் இரண்டு திரையிலும் காட்டும். இரண்டில் வேறு வேறு ஜன்னல் வைக்க அது உதவவே உதவாது. யுஎஸ்பி வழியாக இரண்டாவது திரை தரும் அடாப்டர்களில் பல, பிராசசரின் நேரத்தைத் தின்று படத்தைச் சுருக்கி அனுப்புபவை. லேப்டாப்புக்கு வேறு வழியில்லாதபோது பயன்படுத்தலாம், புதிதாக வாங்கும் டெஸ்க்டாப்புக்கு வேண்டாம்.

ஏற்கெனவே கார்டு போட்ட மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மானிட்டரைக் கார்டிலும் இரண்டாவதை மதர்போர்டிலும் செருகிவிட்டு "நோ சிக்னல்" என்று வந்தால் பதற வேண்டாம். கார்டு இருந்தால் பல போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில், மல்டி மானிட்டர் என்ற வரியை இயக்கினால் இரண்டும் வரும். பிராசசர் 'எஃப்' ரகமாக இருந்தால் எதைச் செய்தாலும் மதர்போர்டுத் துளையில் படம் வராது. அப்போது இரண்டு கேபிளையும் கார்டிலேயே செருக வேண்டும்.

இப்போது மானிட்டர். மிச்சம் பிடித்த காசு இங்கேதான் போக வேண்டும், ஏனென்றால் பிராசசர் மாறினாலும் மானிட்டர் கூடவே இருக்கும். 24 அங்குலம், 1920-க்கு 1080, ஐபிஎஸ் பேனல், ஒரே மாடலில் இரண்டு. ஐபிஎஸ் ஏன் என்றால், இரண்டு திரையை ஒருவர் ஒரே நேரத்தில் நேராகப் பார்க்க முடியாது. ஒன்றாவது பக்கவாட்டில்தான் தெரியும். மலிவான டிஎன் பேனலில் பக்கவாட்டில் நிறம் வெளுத்து, சிவப்பு எண்ணும் பச்சை எண்ணும் சாயம் போனதுபோல் ஆகிவிடும். 27 அங்குலம் சற்றுதான் விலை கூட என்று கடையில் ஆசை காட்டுவார்கள். அதே 1080-ஐ 27 அங்குலத்தில் விரித்தால் ஒரு பிக்சல் 0.27 மில்லிமீட்டரிலிருந்து 0.31 மில்லிமீட்டராகிறது. எழுத்து பெரிதாகும், கூடவே அதன் ஓரம் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும், ஆனால் இன்னொரு ஜன்னலுக்குக்கூட இடம் அதிகமாகாது. 27 வேண்டுமென்றால் 2560-க்கு 1440 ரகம் வாங்குங்கள். இல்லையென்றால் 24-லேயே நில்லுங்கள். 75 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் இந்த வேலைக்கு முக்கியமில்லை. வளைந்த திரைக்குக் கூடுதல் பணம் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டையும் ஒரே நாளில் வாங்குங்கள். "ஒண்ணு இப்போ, இன்னொண்ணு ஆறு மாசம் கழிச்சு" என்று போனால் அதே மாடல் கிடைக்காது. கிடைத்தாலும் வெள்ளை நிறம் ஒன்றில் நீலம் தட்டும், மற்றதில் மஞ்சள் தட்டும். பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் இருக்கும், இரண்டும் அருகருகே இருந்தால் நல்லது. சுவரிலோ கைத்தாங்கியிலோ மாட்டும் எண்ணம் இருந்தால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் வெசா துளைகள் உண்டா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கைத்தாங்கியை பார்ட்டிகிள் போர்டு மேசை விளிம்பில் நேரடியாக முறுக்கினால் சில மாதத்தில் மேசை விளிம்பு பொடியும். அடியில் ஒரு பிளைவுட் துண்டு வைத்து முறுக்க வேண்டும். மேசையின் அளவு நான்கு அடிக்கு இரண்டு அடிக்குக் குறையக் கூடாது. 24 அங்குல மானிட்டர் ஒன்றின் அகலமே ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். ஒரு திரையை அதிகம் பார்ப்பீர்கள் என்றால் அதை நேர் எதிரே வைத்து மற்றதைப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள். இரண்டையும் நடுவில் இணைத்து வைத்துவிட்டு ஒன்றையே நாள் முழுக்கப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ராமை 8 ஜிபி இரண்டாக, மொத்தம் 16 என்று போடச் சொல்லுங்கள். உள்கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமைத்தான் பயன்படுத்துகிறது. ஒற்றைக் குச்சி போட்டால் ராமுக்குப் போய்வரும் தரவுப் பாதை பாதியாகிறது. 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியதால் பட்ஜெட் இடிக்கிறது என்றால், இப்போதைக்கு ஒரு 8 போட்டுவிட்டு அதே வேகத்தில் இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். மானிட்டரைப் போலில்லாமல் இது தள்ளிப்போடக் கூடியது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்ஈ (போர்டிலேயே நேராகச் செருகும் ரகம்) போதும். பழைய ஹார்டு டிஸ்க்கை சி டிரைவாகப் போடாதீர்கள்.

யாரும் கேட்காத, சீட்டில் யாரும் எழுதாத பொருள் எஸ்எம்பிஎஸ், அதாவது மெஷினுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. "கேபினட்டோட ஃப்ரீ" என்று வருவதைக் கையில் தூக்கிப் பாருங்கள், வெறும் தகர டப்பா கனம்தான் இருக்கும். மேலே 500 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 என்று இருந்தால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட்தான். 12100 பிராசசர் உச்சத்தில் இழுப்பது 89 வாட் என்பதால் கணக்குக்கு அதுவே போதும்போலத் தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, பாதுகாப்பில். மழைக்கால இரவில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது, தரமில்லாத எஸ்எம்பிஎஸ் தான் சாவதோடு மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்குத் தரும் 80 பிளஸ் முத்திரையுள்ள 450 வாட், குறைந்தது மூன்று ஆண்டு வாரண்டியோடு, பிராண்ட் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று கடித்தால் எர்த் சரியில்லை என்று பொருள். மெஷினைக் குறை சொல்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது பின்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் 600 விஏ போதும். அதில் சிபியு-வும் ஒரு மானிட்டரும் மட்டும் மாட்டி, இரண்டாவதைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனதும் அந்தத் திரை அணையும். அதிலிருந்த ஜன்னல்கள் எல்லாம் முதல் திரைக்குத் தாவி ஒன்றின் மேல் ஒன்று குவியும். அவசரத்தில் தவறான ஜன்னலில் தவறான பட்டனை அழுத்துவது அப்போதுதான். பங்குக்கு ஆர்டர் போடும் நேரத்தில் அது நடந்தால் நஷ்டம் சிறியதல்ல. இரண்டு மானிட்டரும், இணையம் வரும் ஃபைபர் பெட்டியும், ரவுட்டரும் சேர்ந்தே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிய மானிட்டரை வெறுமனே அணைத்தாலும் சில மாடல்களில் இதே தாவல் நடக்கும். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் ஜன்னல் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளரும். மாற்றும் செலவையும் மனதில் வையுங்கள்.

ராயபுரம், திருவொற்றியூர், பெசன்ட் நகர் போலக் கடலோரம் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்றில் ராமின் தங்கநிறப் பற்கள் மங்கும். ஒருநாள் ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், இரண்டு திரையும் கறுப்பாகவே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, வெள்ளை ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் வந்துவிடும். இதற்காக போர்டு போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புதிதாக வாங்க முடியாதவர்களுக்கு செகண்ட்ஸ் நல்ல வழி. அலுவலகங்கள் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளில் பலவற்றின் பின்னால் இரண்டு டிஸ்ப்ளே போர்ட் இருக்கும். ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. 4-ஆம், 6-ஆம் தலைமுறை ஐ5 எதுவும் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. "ஐ5 சார், ஐ3-ஐ விட மேல்" என்று பழசைத் தள்ளிவிடும் வியாபாரம் இதில்தான் அதிகம். இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் தனி அளவு, சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதற்கு எத்தனை மாத வாரண்டி என்று தனியாகக் கேளுங்கள்.

கிராக் செய்த விண்டோஸைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதுகிறோம். வங்கிக் கணக்கும் டிமேட் கணக்கும் திறக்கும் மெஷினில், யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒரு நிரலை ஓடவிட்டு, அதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்துக் கொடுக்கிறார்கள். தட்டச்சும் பாஸ்வேர்டை வேறெங்கோ அனுப்பும் நிரல்கள் நுழைவது இந்தக் கதவு வழியாகத்தான். உண்மையான விண்டோஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். பிரவுசரிலேயே எல்லா வேலையும் முடிகிறவர்களுக்கு உபுண்டு இலவசம், இரண்டு திரையையும் நன்றாகவே கையாளும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே இரண்டு மானிட்டரையும் மாட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் விசையோடு 'பி' அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் 1920-க்கு 1080 வருகிறதா பாருங்கள். திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்து, செத்த புள்ளி உண்டா தேடுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசரின் முழுப்பெயர் தெரியும், கடைசி எழுத்து உட்பட. சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து இரண்டு திரையிலும் மாற்றி மாற்றிப் படித்துப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை எங்களுக்குத் தெரியாது.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. கொட்டேஷனில் பிராசசரின் முழுப்பெயர், மதர்போர்டு மாடலும் அதன் திரைத் துளைகளும், ராம் எத்தனை குச்சி, எஸ்எம்பிஎஸ் பிராண்டும் வாட்டும், மானிட்டர் மாடலும் பேனல் வகையும் எழுதித் தாருங்கள். பில்லை ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணோடு போடுங்கள், வாரண்டிக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். வாங்குபவர்களுக்கும் சொல்கிறோம்: எழுதித் தர மறுத்தால் சண்டை போட வேண்டாம், சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகருங்கள். அந்தத் தெருவில் அடுத்த கடை பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
கணினி பொருத்தும், பழுது நீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை - 2.